இடது இமை

ஓய்வு பெறும் நாளில் ஆபீஸில் எடுக்கும் குழுப்படத்துக்காகத்தான் ரோகிணி நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டாள். சுருக்கம் போனது. கூடவே இடது இமை பாதிக் கண்வரை இறங்கிவிட்டது. சில வாரங்களில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"இன்னா மேடம், ஒரு கண்ணு மட்டும் தூங்கினு கீது?" என்றாள் வேலைக்கு வரும் செல்லம்மா. ரோகிணி தனியாக இருந்த கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"மருந்து விட முடியலை செல்லம்மா. இமை மேல போகவே மாட்டேங்குது."

"வூட்ல யாராச்சும் இமைய தூக்கிப் புடிச்சா சுளுவா வுட்டுரலாமே" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு துடைப்பத்தோடு நகர்ந்தாள்.

சாயங்காலம் ரோகிணி ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கதவைத் தாழிட்டுக் கட்டிலில் படுத்தாள். வலது கையில் மருந்துக் குப்பி. இடது கையைத் தூக்குவதற்குள் இமை மெல்ல மேலே போனது. சொட்டு சரியாகக் கண்ணுக்குள் விழுந்தது. இமைமேல் ஒரு விரல் நுனி சில்லென்று இருந்தது. அவளுடைய இடது கை இன்னும் மெத்தைமேல்தான் கிடந்தது.

"தேங்க்ஸ்" என்றாள், பழக்கதோஷத்தில்.

அதற்குப் பிறகு எல்லாச் சாயங்காலங்களிலும் அப்படித்தான் நடந்தது.

குழுப்படத்தில் இரண்டு கண்களும் ஒன்றுபோலத் திறந்திருந்தன. மறுநாள் குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரோகிணி காலிக் குப்பியை வலது கையில் எடுத்துக்கொண்டு படுத்தாள். இடது இமையைத் தானே பாதி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.