கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“லாக்கப்ல செத்தவன் பேரை மட்டும் கொஞ்சம் முழுங்கிடுங்க மேடம். வாசிச்ச மாதிரியும் இருக்கணும், யாருக்கும் விளங்கவும் கூடாது,” என்றார் வானொலி நிலைய அதிகாரி.

“முழுங்குறதுக்கு அது என்ன மாத்திரையா சார்?” என்று கேட்டுவிட்டு, செய்தி வாசிக்க ஒலிபரப்பு அறைக்குள் போனாள் எஸ்தர்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மழையையும் அமைச்சர் வருகையையும் வழக்கம்போல வாசித்தாள். அந்த வரி வந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். கேட்பவர்கள் எழுதிக்கொள்ளும் வேகத்தில், ஒவ்வொரு எழுத்தாக, “தவசிக்கனி” என்றாள். “மீண்டும் சொல்கிறேன்,” என்றாள்.

விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் அதிகாரியின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அவர் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. அந்தக் கண்ணாடி சத்தத்தை விடாது.

எஸ்தர் எழுந்து வந்தாள். மூச்சு கண்ணாடியில் படியும் அளவுக்கு நெருங்கி நின்று, உதடும் பல்லும் நாக்கும் தெளிவாகத் தெரிய அந்தப் பெயரை மறுபடி சொன்னாள். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிய பக்கத்தில், ஒலிக்கருவிகளின் முன் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன், அவளுடைய உதடுகளையே பார்த்தபடி அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.