இரண்டு ஆணிகளுக்கு நடுவே

"அசையாம பிடிங்கப்பா. ஸ்கேல் முனை தேய்ஞ்சிருக்கு, ஒண்ணுலேர்ந்துதான் அளக்கணும்."

மகள் அதட்ட, அப்பா சேற்றில் மண்டியிட்டு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டின் உச்சியில் ஒரு விரிசல். அதன் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை தினமும் காலையில் அளந்துவந்தாள் அவள். கல்லூரியில் ஜியாலஜி முதல் வருடம்.

இப்படி ஓர் அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். "பொம்பளைப் பிள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதுக்கு?" என்று சொந்தமெல்லாம் சிரித்தபோது, வீம்புக்கு ஃபீஸ் கட்டியவர் அவர். படுத்த படுக்கையாகிவிட்ட தன் அக்காவுக்கு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவரேதான். தங்கமான தம்பி என்று தெருவே சொல்லும்.

தாயில்லாத அவளை வளர்த்தவள் அந்த அத்தைதான். அத்தை என்றால் அவளுக்கு உயிர்.

கண்ணை ஆணிக்கு நேராக வைத்து மூன்று தடவை அளந்தாள். சராசரி போட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"வேகமா விரியுதுப்பா! நல்ல மழை ஒண்ணு அடிச்சா மேடு இறங்கிடும். வீட்டைக் காலி பண்ணிடலாம்."

"அத்தையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா போறது? படுக்கையில கிடக்கிறவங்களைப் பார்த்தா எவன் வீடு குடுப்பான்? அக்கா இருக்கிற வரைக்கும் நமக்கு இதுதான் விதி." பெருமூச்சு விட்டார். "வீடு மொத்தமும் போயிடுமா?"

பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே என்பது அவளுடைய புரொஃபசரின் பாடம். விரிசலின் இரண்டு முனைகளிலிருந்தும் கீழே நூல் பிடித்துப் பார்த்தாள். ஹால் இருக்கும் பக்கம் முழுக்கப் பாறை. பின்னறைக்கு மேலே மட்டும்தான் மண்.

"பின் ரூம் மட்டும்தாம்பா. ஹாலுக்கு ஒண்ணும் ஆகாது."

"நிச்சயமா?"

"மூணு தடவை பார்த்துட்டேன்."

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடும்மா."

பார்த்தாள். அதேதான். அப்பாவின் பொறுப்பை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அன்றைக்கே பின்னறையைக் காலி செய்து பூட்டினார்கள். ஹாலில் ஜன்னலோரம் கிடந்த அத்தை, "பாறையைக் கட்டிக்கிட்டு அழறவளை எவன்டி கட்டிப்பான்?" என்று பொக்கை வாயால் சிரித்தாள்.

மறுநாள் கல்லூரியில் ஃபீல்டு ட்ரிப். போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தவளை அப்பாதான் தாஜா பண்ணி அனுப்பினார். "மார்க்கை விட்டுடாதே. அத்தையை நான் பார்த்துக்கறேன்."

இரண்டாம் நாள் ராத்திரி, போன இடத்திலும் ஊரிலும் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. விடிந்ததும் போன் வந்தது.

"மேடு இறங்கிடுச்சும்மா."

"ஐயோ! ஹால்?"

"ஒரு ஓடு நகரலை. நீ சொன்ன மாதிரியே பின் ரூம் மட்டும்தான். மண்ணோட மண்ணாப் போச்சு."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பக்கத்தில் நின்ற புரொஃபசரிடம் சொன்னாள். "சபாஷ்! அளந்தா இப்படி அளக்கணும்," என்று எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார். மாணவர்கள் கைதட்டினார்கள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பா, அத்தைகிட்ட போனைக் குடுங்க. அவங்க குரலைக் கேக்கணும் போல இருக்கு."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நேத்து சாயந்திரம்தாம்மா அத்தை கட்டிலைப் பின் ரூமுக்கு மாத்தினேன்."