மூன்று மீட்டர்

மலிவு விலைக் கேபிளை விற்றால் மறுநாளே சண்டைக்கு வருவார்கள் என்பது அந்த செல்போன் கடைக்காரப் பெண்ணுக்குப் பழகிப்போன தலைவலி. பெரியவர் ஒருவர் மூன்று மீட்டர் கேபிளைச் சுருட்டி மேசைமேல் வைத்ததும் அலுப்போடு கேட்டாள்.

"என்ன சார், சார்ஜ் ஏற மாட்டேங்குதா?"

"நல்லா ஏறுதும்மா. போன், டேப்லெட் ரெண்டுக்குமே."

"சூடாகுதா?"

"இல்லை."

"முனை லூசாயிடுச்சா?"

"கெட்டியா இருக்கு. இந்த விலைக்கு இப்படியொரு கேபிள் கிடைக்காது."

"அப்புறம் என்னதான் சார் குறை?" அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பொண்ணு ரூம்ல பிளக் பாயின்ட் வேலை செய்யாது. ஹால்ல என் நாற்காலிக்குப் பக்கத்துல இருக்கற ஒண்ணுதான் வேலை செய்யுது. பழைய கேபிள் குட்டை, சார்ஜ் போட்டா என் பக்கத்துலதான் உட்காரணும். அவ அம்மா போனதுக்கப்புறம் நாங்க நாலு வார்த்தை பேசினதே அப்பத்தான். அந்தப் பழைய கேபிள் அறுந்துபோய் அவ இதை வாங்கிட்டா. இப்போ கதவுக்கு அடியில கேபிளை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கிறா."

"ரூம் பாயின்ட்டைச் சரிபண்ணலாமே சார்?"

"எலக்ட்ரீஷியனை வர வேண்டாம்னு சொன்னதே நான்தாம்மா."

அவள் பில்கூடக் கேட்கவில்லை. இழுப்பறை முழுக்கத் துழாவி, இருப்பதிலேயே குட்டையான கேபிளை எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவர் அதை விரித்துக் கையால் அளந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் குட்டையா கிடைக்காதாம்மா?"