இடுப்பளவுக் குழி

"ஐயோ, பெத்த பிள்ளையை உயிரோட புதைக்கிறாளே!"

எஸ்நாத் போட்ட கூச்சல் சந்தை வரைக்கும் கேட்டது. தேவாலய மாதர் சங்கத் தலைவி அல்லவா, மைக் தேவையில்லை. அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த சோளக் களியை அப்படியே விட்டுவிட்டு, பாதி கிராமம் ஊர்த்தலைவரோடு தியாமிகே வீட்டுக் கொல்லையில் கூடிவிட்டது. களை எடுக்கக் கூப்பிட்டால் ஒருத்தர்கூட வரமாட்டார்.

குழிக்குள் இடுப்பு வரை நின்றுகொண்டிருந்தான் தியாமிகேவின் நாலு வயது மகன் வொங்கானி. சுற்றிலும் பழைய துணி அண்டக் கொடுத்திருந்தது. முன்னால் ஒரு தட்டு வேர்க்கடலை. புதைக்கப்படுகிறவன் ஆனந்தமாக உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"தலைவரே, இவனுக்குப் பெருமூளை வாதம். கால் விறைச்சுக்கும், தானா நிக்க முடியாது," என்றாள் தியாமிகே. "புதன்கிழமை பைக்ல வர்ற பிசியோதெரபி அம்மாதான் குழி வெட்டச் சொன்னாங்க. மண்ணு தாங்கிக்கிட்டா நிப்பான். தினம் அரைமணி நேரம். மூணு மாசம் கழிச்சு இப்பதான் பாதம் ஊனுறான்."

"குறையுள்ள பிள்ளைன்னா வீட்டுக்குள்ள வச்சு ஜெபிக்கணும்டி," என்றாள் எஸ்நாத். "இப்படியா ஊர் பார்க்கக் கடை பரப்புவ?"

"ஜெபிச்சேன் அக்கா, நாலு வருஷம். படுத்தேதான் கிடந்தான்."

"பாத்தீங்களா தலைவரே, வாயை!"

தலைவர் குழியை எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. புரியாததைத் தடை செய்வதில் அவருக்கு நல்ல அனுபவம்.

"பொழுது சாயறதுக்குள்ள மூடிடு."

தியாமிகே பிள்ளையை வெளியே தூக்கினாள். கூட்டம் கலைந்தது. எஸ்நாத் மட்டும் நகராமல் வொங்கானியின் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் என்ன குற்றம் பாக்கி இருக்கிறதோ!

சாயங்காலம் தியாமிகே அழுதுகொண்டே மண்வெட்டியை எடுத்தாள். வேலியோரம் மறுபடியும் எஸ்நாத்.

"வாங்க அக்கா! ஒழுங்கா மூடுறேனான்னு மேற்பார்வையா? இருங்க, நாற்காலி போடுறேன்."

எஸ்நாத்துக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் தியாமிகே கவனித்தாள். அவள் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிய ஒரு பெண் பிள்ளை. முதுகில் சுமக்கிற வயதை எப்போதோ தாண்டிய பிள்ளை. இந்த ஊரில் யாரும் இதுவரை பார்த்திராத பிள்ளை. குச்சிக் கால்கள் இரண்டு பக்கமும் விறைத்துத் தொங்கின.

"மூடாதடி," என்றாள் எஸ்நாத் மெல்ல. "தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னும் ஒரு சாண் ஆழமாத் தோண்டு. என் பொண்ணு உன் பையனைவிட உயரம்."