பெட்டிக்குள்ள இன்னும் விடியல

"நீங்கதான் இண்டர்வியூ எடுக்கப் போறீங்களா, மிஸ்?"

கதவைப் பாதி திறந்தபடி ஜீவன் கேட்டான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் நகம் கடித்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவனையும், கையிலிருந்த ஃபைலையும், கழுத்தை நெரித்த டையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. என் பேரு சுபாஷினி. பாஸ் கீழ டீ குடிக்கப் போயிருக்காரு."

சுங்கைப் பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மீன் கறி வாசம் படியேறி வந்து ஏர்கோன் குளிரிலும் கலந்திருந்தது. ஜீவனுக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. இந்த வேலை கிடைக்காவிட்டால் தினமும் எந்த வாசத்தில் நிற்க வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தஞ்சோங் டாவாயில் நெத்திலி வியாபாரம் செய்யும் தேவன் மாமாவிடம் அப்பா பேசிவிட்டார். "கம்ப்யூட்டர் படிச்சவன் கருவாடு காயப்போட மாட்டானா? திங்கக்கிழமை அனுப்பி வைங்க" என்று மாமாவும் சொல்லிவிட்டார்.

"சர்டிபிகேட் எல்லாம் காட்டட்டுமா, மிஸ்?"

"அதெல்லாம் வேணாம்." சுபாஷினி கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள். "இதை ஓட வைங்க, போதும்."

கோலா கெத்திலிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த 'என்னைப் பற்றி' பேச்சு வீணாயிற்று.

"சாப்பாட்டுக் கடைங்களுக்கு ஆர்டர் எடுக்கிற புரோகிராம் இது" என்றாள். "சரியா வேலை செய்யுதான்னு பார்க்க பைத்தான்ல டெஸ்ட் எழுதி வச்சிருக்கோம். பாஸ் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரின்னு பச்சை காட்டுது. இங்க எல்லாம் தப்புன்னு சிவப்பு."

"அப்ப பாஸ் கம்ப்யூட்டரையே கஸ்டமருக்குத் தூக்கிக் கொடுத்துடலாம் லா!"

சுபாஷினி சிரிக்கவில்லை. ஒரு மார்க் போச்சு என்று ஜீவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கண்டெய்னர்ல போட்டுடணும், மிஸ். இங்க பாதி போட்டு வச்சிருக்கு போல."

"கண்டெய்னர் எதுக்குன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, பார்ப்போம்."

தெரியாததுபோலக் கேட்டு ஆழம் பார்க்கிறார்! ஜீவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கீழ கடையில நாசி பொங்குஸ் கட்டறாங்க இல்ல? சோறு, கறி, முட்டை எல்லாம் ஒரே பொட்டலத்துல. வீட்டுல பிரிச்சாலும் ஆபீஸ்ல பிரிச்சாலும் அதே சாப்பாடுதான். அது மாதிரி, பைத்தான் எந்த வெர்ஷன், கூட என்னென்ன வேணும், எல்லாத்தையும் ஒரே பெட்டியில அடைச்சிடறது. எந்தக் கம்ப்யூட்டர்ல பிரிச்சாலும் ஒரே மாதிரி ஓடும்."

"ம்ம். அப்படியே சொல்லிக்கிட்டே செய்ங்க. மெதுவா."

பைத்தான் வெர்ஷனை மாற்றினான். விட்டுப்போயிருந்த லைப்ரரிகளைச் சேர்த்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் "ஏன்?" என்றாள். இவ்வளவு நுணுக்கமாகக் கேள்வி கேட்பவரிடம் வேலை பார்ப்பதே பாக்கியம் என்று அவனுக்குத் தோன்றியது. மறுபடி ஓட்டியபோது திரை மளமளவென்று பச்சையானது. ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது.

"கடை திறந்திருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்" என்றாள் சுபாஷினி கலவரமாக. "மூடியிருக்குங்குது. மணி பத்தாவுது, எந்தக் கடை மூடியிருக்கும்?" அவள் கண் வாசல் பக்கம் போய் வந்தது. "பாஸ் வர்றதுக்குள்ள முடிச்சா நல்லாருக்கும்."

ஜீவன் தலையைச் சொறிந்தான். டையைத் தளர்த்தினான். திடீரென்று சிரித்தான்.

"மிஸ், பெட்டிக்குள்ள இன்னும் விடியல!"

"என்னது?"

"அதுக்கு மலேசியா நேரம் தெரியாது. உலகப் பொது நேரத்துல ஓடுது, நம்மளவிட எட்டு மணி நேரம் பின்னால. உள்ள இப்ப நடுராத்திரி. கடையைப் பூட்டிட்டு எல்லாரும் தூங்கறாங்க!"

"அலாமாக், இதுக்கா இவ்வளவு..." என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரே வரிதான். கோலாலம்பூர் நேரம் என்று எழுதிச் சேர்த்தான். கடைசிச் சிவப்பும் பச்சையானது. சுபாஷினி விட்ட பெருமூச்சில் மேசைமேல் இருந்த காகிதங்கள் அசைந்தன. எழுந்துபோய் அவனுக்கு ஒரு மீலோ கலக்கிக்கொண்டு வந்தாள். இண்டர்வியூவில் மீலோ கொடுத்தால் வேலை கிடைத்த மாதிரிதானே! எந்த மேசை தருவார்கள் என்று ஜீவன் சுற்றிலும் பார்த்தான்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சுபாஷினி சட்டென்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய டீயைக் கயிற்றில் தொங்கவிட்டபடி முதலாளி மாணிக்கவாசகம் உள்ளே வந்தார். "என்ன சுபா, ஆச்சா?"

"ஓடுது பாஸ். வந்து பாருங்க."

"எப்படிம்மா?"

"பெட்டிக்குள்ள இன்னும் விடியல, பாஸ். நம்ம நேரத்தை வச்சதும் சரியாயிடுச்சு."

தன் பதிலை அச்சு மாறாமல் முதலாளியிடம் ஒப்பிக்கிறாரே, எவ்வளவு நல்ல மனசு! ஜீவன் எழுந்து நின்று டையை மறுபடி இறுக்கினான்.

மாணிக்கவாசகம் பச்சைத் திரையை வாய் பிளந்து பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினார். "நீதான் இண்டர்வியூவுக்கு வந்த தம்பியா? மன்னிச்சுக்க லா. இதை ஓட வைக்க முடியலன்னு இவளை இன்னையோட நிறுத்திட்டு, உன்னை இந்த நாற்காலியில உட்கார வைக்கலாம்னுதான் கூப்பிட்டேன். கடைசி நேரத்துல இந்தப் பொண்ணே ஓட வச்சிடுச்சு பாரு!"

ஜீவன் வாயைத் திறந்தான். மேசைக்கடியில், முதலாளியின் கண்ணுக்குப் படாத இடத்தில், சுபாஷினியின் இரண்டு கைகளும் அவனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டையைக் கழற்றியபடியே அவன் படியிறங்கினான்.