புதுப் பல்

கனடாவின் ஸ்காபரோவில், பல் வைத்தியரின் வரவேற்பறையில் கராம்பு மணக்கிறது. டிசம்பர் வெயில், வெளிப் பனியின் வெளிச்சத்தையும் அள்ளிக்கொண்டு வந்து தவமலரின் மடியில் விழுகிறது. அவள் கைக்கண்ணாடியில் தன் புது முன்பற்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவர் இராசநாயகத்தின் தொழிற்சாலை வரி பிடிக்காமல் அவருடைய மருத்துவக் கணக்கில் போட்ட காசில் கட்டிய பற்கள் அவை. அந்தக் காசு வங்கிக் காசைப்போல வளரும் என்று இருவரும் தொடாமலே வைத்திருந்தார்கள். வருடம் முடிந்தால் செல்லாது என்பது போன கிழமைதான் தெரிந்தது. “காசு ஒராளுக்குத்தானே காணும், உங்கடை பல்லை முதல் கட்டியிருக்கலாம்” என்கிறாள், பக்கத்தில் இருக்கும் அவரிடம். “எனக்கு அடுத்த வருசக் காசு வரும். நீர் சிரியும் பாப்பம்.” சிரிக்கிறாள். பழக்கத்தில் வாயை மூட எழுந்த கை பாதியில் நின்று, மெல்ல மடிக்குத் திரும்புகிறது. அதைப் பார்த்த இராசநாயகத்துக்கும் சிரிப்பு வருகிறது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.