லேப்பில் இருக்கும் கெமிஸ்ட்

"சார், இந்த டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட கெமிஸ்டை நான் பாக்கணும்."

கேட்டவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் பெட்டி எண்ணும் வேலை. 'சரக்கை எடுத்துட்டு வா, கேள்வி கேட்டுராத' என்றுதான் ராஜபாளையத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் சேதுபதி நிமிர்ந்தார். "அவிய லேப்ல பிஸிம்மா. ரெண்டு வருசமா நம்மகிட்ட இருக்காவ. தங்கமான பொண்ணு."

"எல்லா ரிப்போர்ட்லயும் கையெழுத்துல ஒரே இடத்துல மை விட்டுப்போயிருக்கே?"

"கையெழுத்தைப் படமா கம்ப்யூட்டர்ல வச்சிருக்கோம். வேர்டுல ரிப்போர்ட் அடிச்சதும் அடியில ஒட்டிருவோம். இப்ப எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"அவிய டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஒட்டுவீங்களா?"

"பின்னே? அவிய சொல்லாம ஒரு பெட்டி வெளிய போவாது."

நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது. ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ரெண்டு வருசம் முன்னாடி இதே ரூம்ல இன்டர்வியூ. அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போடையில உங்க பேனா பாதியில மக்கர் பண்ணுச்சு. சொல்லி அனுப்புறோம்னீங்க. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முத்துப்பேச்சி. எங்க வீட்டுல மொத டிகிரி. நாந்தான் சார் அந்தத் தங்கமான பொண்ணு."

சேதுபதி அட்டையிலும் ரிப்போர்ட்டின் அடியிலும் இருந்த ஒரே பெயரை மாறி மாறிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"உக்காரும்மா. நாளைக்கே வேலைக்குச் சேந்துரு."

"என் கையெழுத்துதான் எப்பவோ சேந்துருச்சே."

மருந்து ஆய்வாளருக்கு எழுதிய புகார் அவள் பையில் இருந்தது. அதில் காலையிலேயே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தாள். பெட்டிகளைத் தொடாமல் வெளியே நடந்தாள்.